கலர் வராத பெட்டி

உங்களில் யார் வீட்டிலாவது ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்ததா? எண்பதுகளின் நடுவில், அதுவும் காரைக்கால் பக்கத்து நெரவியில்? எங்கள் வீட்டில் இருந்தன. என் பிள்ளைகள் இதை நம்புவதில்லை. நம் வயதுக்காரர்கள் நம்புவீர்கள். ரேஷன் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிற பெண்ணின் கையில் சிங்கப்பூர் குடை இருக்கும், களத்தில் நெல் அளப்பவரின் சட்டையில் பிரான்சு சென்ட் மணக்கும். அந்தக் காரைக்காலைப் பார்த்தவர்கள்தானே நாம்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால் இன்றைக்கும் அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். அன்றைக்கும் பேசினேன். பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கோடை அது. இந்த வீட்டிலேயே விவரம் தெரிந்தவள் நான்தான் என்ற நினைப்பு வேறு. ஆனால் பெட்டியைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர்கள் அக்காவின் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா, எங்கள் அத்தை. அத்தையைக் கட்டியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். கல்யாணமான கையோடு பிரான்சுக்கே போய்விட்டார்கள். அவர்கள் மகன் பிரான்சு அத்தான். அம்மாவுக்கு ஓர் அண்ணன். மாமாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. அவர் மகன் சிங்கப்பூர் அத்தான். இரண்டு பேருமே அக்காவுக்கு முறை. அக்கா பிறந்த அன்றே இரண்டு பக்கமும் சொல்லி வைத்துவிட்டார்களாம். அத்தை கேட்டுக்கொண்டதால் அக்காவைப் பள்ளியில் பிரெஞ்சு எடுக்க வைத்தார்கள். மாமா கேட்டுக்கொண்டதால் டைப்பிங் லோயர் முடிக்க வைத்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டு நடந்த காரியம் என்று எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

முதலில் வந்தது பிரான்சுப் பெட்டி. பென்ஷன் காகிதம் விஷயமாக ஊருக்கு வந்த ஒரு பெரியவர், சூட்கேஸ் நடுவில் கம்பளியில் சுற்றி எடுத்துவந்தார். கறுப்பு நிறம், மாவு சலிக்கிற சல்லடை அகலம். கூடவே ஒரு கனத்த புத்தகம், ஒரு கேசட், வயர் தொங்கும் ஒரு பேனா. அந்தச் செய்தி கடல் தாண்டி மாமாவுக்கு எட்டியது. அடுத்த மாதம் லீவில் வந்த மாமா கையோடு இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். அது சின்னது, அழிரப்பரை வெட்டி ஒட்டியது போன்ற எழுத்துப் பொத்தான்கள்.

“பிரான்சுல மட்டுந்தான் விக்கிறானா கம்ப்யூட்டரு?” என்றார் மாமா, செருப்பைக் கழற்றும் முன்பே.

இரண்டுக்கும் சொந்தமாகத் திரை கிடையாது. டிவியில்தான் மாட்ட வேண்டும். எங்கள் கலர் டிவி மாமா முன்பே கொண்டுவந்தது, வீடியோ டெக்கும் அவர் உபயம்தான். மாடியில் பைப் நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். கடற்காற்று அடித்தால் பைப் திரும்பிக்கொள்ளும். நான் மேலே நின்று திருப்ப, அக்கா கீழே இருந்து குரல் கொடுப்பாள். “வந்துச்சு, வந்துச்சு... போச்சுடி.” இலங்கைக்காரர்களின் நாடகத்தையும் செய்தியையும் கலரில் பார்க்கத் தெரு முழுக்க எங்கள் வீட்டில் இருக்கும். பக்கத்தில் ஸ்டெபிலைசர் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலும், டிவி சூடானால் வருகிற தூசி வாசனையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சிங்கப்பூர் பெட்டியை ஆன்டெனா துளையில் செருகினால் போதும், படம் வந்துவிடும். பிரான்சுப் பெட்டிக்கு வந்த செருகியோ சீப்பு மாதிரி பல் பல்லாக இருந்தது. அதற்கு நம் டிவியில் இடமே இல்லை. காரைக்காலில் ரேடியோ கடை வைத்திருந்தவர் வயரை வெட்டி, வீடியோ டெக் வழியாக இணைத்துக் கொடுத்தார். படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் வந்தது.

அக்கா பிரெஞ்சுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். படத்தோடு நிறத்தைச் சேர்த்து அனுப்பும் முறை பிரான்சில் வேறு. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் நமக்கும் வேறு. பெட்டி கலரைச் சரியாகத்தான் அனுப்புகிறது. நம் டிவிக்கு அதைப் பிரித்து எடுக்கத் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்ன மாற்றுப் பெட்டி வைத்தால் வந்துவிடும், அது பிரான்சில்தான் கிடைக்கும். இவ்வளவுதான் விஷயம்.

எங்களுக்குள் கட்சி பிரிந்தது. ஆங்கிலப் புத்தகம் இருந்ததால் சிங்கப்பூர் பெட்டி எனக்கு. பிரெஞ்சு தெரிந்ததால் பிரான்சுப் பெட்டி அக்காவுக்கு.

என் பெட்டியில் விளையாட்டு உண்டு. பீப் பீப் என்று பாட்டு உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு நாமே எழுத்துச் செய்யலாம். நான் தமிழ் எழுத்துகளைச் செய்தேன். ‘அ’ வந்தது, ‘ப’ அழகாக வந்தது, ‘ணை’ கட்டத்தை மீறி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் எழுத்தர். வந்து பார்த்துவிட்டு, “ஒரு சர்ட்டிபிகேட்டாச்சும் அடிக்கலாமா இதுல?” என்று கேட்டார். முடியாது என்றேன். “அப்ப என்னத்துக்கு?” என்று போய்விட்டார். அம்மாவின் கேள்வி வேறு. “இது டிவிய கெடுத்துடுமா?” அரைமணிக்கு மேல் போட்டால் என் பெட்டியின் அடிப்பாகம் இட்லித் தட்டு போலச் சுடும் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்காவின் பெட்டியில் பொத்தான்கள் இடம் மாறி இருந்தன. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ. டைப்பிங் கற்ற அவள் விரல்கள் ஒரு வாரம் தடுமாறின, பிறகு பழகிக்கொண்டன. ஆனால் நினைவு இடம் என் பெட்டியைவிடத் தாராளம். அதோடு அந்தப் பேனா! டிவி கண்ணாடியில் அதை வைத்து இழுத்தால் கோடு விழும். கண்ணாடியில், நம் டிவியில். அக்கா முதல் கோட்டைப் போட்டபோது நான் என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட நினைத்தேன்.

இரண்டுக்கும் புரோகிராம் கேசட்டில்தான். டேப்ரிக்கார்டரில் போட்டு வயரைச் செருகினால் சத்தம் பெட்டிக்குள் போகும். செருகாமல் ஓடவிட்டால் கரகரவென்று வீடே அலறும். “பேய் புடிச்ச மாதிரி கத்துது, நிப்பாட்டு” என்பாள் அம்மா. ஆனால் எந்தப் புரோகிராம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய, முதலில் வயரைப் பிடுங்கிக் கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படிக் கேட்டபோதுதான் அந்தக் குரல் வந்தது. பிரான்சு அத்தான் ஒவ்வொரு புரோகிராமுக்கும் முன்னால் தமிழில் பேசிப் பதிந்திருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழை வீட்டில் கேட்டுக் கற்றிருந்தார். ‘ர’ தொண்டையிலிருந்து வந்தது.

“வணக்கம். இது முதல் பாடம். பயப்பட வேண்டாம். இப்போ ஒரு கெட்ட சத்தம் வரும்.”

உடனே அலறல். அக்கா சிரித்த சிரிப்பில் முழங்கால் டேப்ரிக்கார்டரில் இடித்தது. “கெட்ட சத்தமாம்டி” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பு கொதித்தால் கெட்ட சத்தம், மாமா கனைத்தால் கெட்ட சத்தம்.

மூன்றாம் பாடம் படம் வரைவது. அதன் முடிவில் அந்தக் குரல் சொன்னது: “இனி நீங்க வரையுங்க. இங்கே காலி இடம் விட்டிருக்கேன். உங்க படத்தை இங்கே வைங்க. எனக்குக் காட்டுங்க. ஏதாவது சரியா வரலைன்னா சொல்லுங்க.”

அக்கா வரைந்தாள். ஒரு வாரம் ஒரே படம். நான் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பின்னாலிருந்து போட்டாள். ரெட்டைச் சடை, ரிப்பன், பாவாடை, பக்கத்தில் ஸ்டெபிலைசர், எதிரே டிவி, டிவிக்குள் பட்டை பட்டையாக ஏதோ. எங்கள் திரையில் எல்லாமே சாம்பல். சாம்பலில் நாலைந்து வகை, அவ்வளவுதான். ஆனாலும் அவள் ஒவ்வோர் இடத்துக்கும் புத்தகத்தைப் பார்த்து நிறத்துக்கு எண் கொடுத்தாள்.

“பாக்கவே முடியாததுக்கு எதுக்குக்கா கலரு? எதையாச்சும் குடுத்துட்டுப் போ.”

“எதையாச்சும் எப்படிடி குடுக்கறது? ஒன் பாவாட மஞ்சள்தானே.”

படத்தை அவர் விட்டிருந்த காலி இடத்தில் பதிந்தாள். அப்புறம் பின்னிக்கொண்டிருந்த என் சடையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். “எனக்கு இந்தப் பெட்டிதான்டி புடிச்சிருக்கு.” சாதாரணமாகத்தான் சொன்னாள். என் தலையை நேராகப் பிடித்திருந்ததால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கலர் வரவில்லை என்று பிரான்சுக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அக்கா சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெண் முறைப்பையனுக்கு எழுதுவதா? நான் எழுதுகிறேன் என்றேன். அப்பா தடுத்துவிட்டார்.

“ஆசையா வாங்கி அனுப்பிருக்காங்க. அதுல கொற சொன்னா என்ன நெனைப்பாங்க? இன்னொண்ணு கேக்கறோம்னு நெனைக்க மாட்டாங்க?”

“கேட்டாதானேப்பா தெரியும். அத்தானே கேசட்டுல சொல்லிருக்காங்க, வரலன்னா சொல்லுங்கன்னு.”

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. குடுத்த பொருள்ல நொட்டை சொல்லக் கூடாது.”

இந்த மரியாதை உங்களுக்கெல்லாம் தெரியும். கொடுத்தவர் காதுக்குக் குறை போகக் கூடாது. மற்றவர் காதுக்குப் போகலாம். அம்மா எதிர்வீட்டில் சொன்னாள். எதிர்வீடு கிணற்றடியில் சொன்னது. “பிரான்சுலேர்ந்து வந்துதே, அதுல கலரே வரலையாம்.” பூவத்தில் கட்டிக்கொடுத்திருந்த அம்மாவின் சித்தி மகள் பஸ் ஏறி வந்து, கலர் வராததைப் பார்த்துவிட்டுப் போனாள். பிரான்சில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மாமா சிங்கப்பூருக்குத் திரும்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் இரண்டு பெட்டியையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். மாமா, அப்பா, அம்மா, பெரிய தாத்தா, இன்னும் இரண்டு பங்காளிகள். நான் எதற்கென்று யோசிக்கவில்லை. எனக்கு மேடை கிடைத்ததே பெரிது.

என் பெட்டியை முதலில் போட்டேன். நீல வானம், பச்சைத் தரை, சிவப்பு மனிதன் ஒருவன் தாண்டித் தாண்டி ஓடினான். பெரிய தாத்தா கட்டிலைவிட்டு எழுந்து கிட்டே வந்தார். “எந்தூரு இது?” என்று கேட்டார். மாமா, “சிங்கப்பூருல இதெல்லாம் சின்னப் புள்ளைங்க வெளையாட்டு” என்று காலை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் அக்கா. காபி டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவால் கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டாள். நல்ல வட்டம். அது சாம்பலில் விழுந்தது.

“அடுப்புக் கரியில கோடு போட்ட மாதிரி இருக்கு” என்றார் மாமா. பங்காளிகள் சிரித்தார்கள்.

“மாமா, அது பெட்டியோட குத்தமில்ல” என்று ஆரம்பித்தேன். நிறம் அனுப்பும் முறை, பிரான்சு முறை, நம் முறை, நினைவு இடம், பேனா என்று எல்லாம் சொன்னேன். ஒரு சின்ன மாற்றுப் பெட்டி நடுவில் வைத்தால் கலர் வந்துவிடும் என்றும் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

“சரி பாப்பா, அதெல்லாம் இருக்கட்டும். இப்ப இந்த டிவியில கலர் வருதா வரலயா?”

“வரல. ஆனா...”

“அவ்ளோதான். உக்காரு.”

அடுத்துப் பேசியது அம்மா. அப்பாவைப் பார்த்துப் பேசினாள். “இங்க என்ன டிவி இருக்கு, ஏதிருக்குன்னு ஒரு வார்த்த கேக்காம அனுப்பிருக்காங்க. எங்க அண்ணன் கேட்டுத்தான் வாங்குச்சு. ஒரு பொட்டிக்கே விசாரிக்காதவங்க, பொண்ணு அங்க போனா விசாரிப்பாங்களா? குளிர்ல கெடக்கும் புள்ள.”

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். தன் அக்காவுக்காக அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பிரான்சு அத்தானின் குரலைப் போட்டுக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. கேசட்டைக் கையில்கூட எடுத்தேன். “திரும்ப அந்தப் பேய் சத்தமா? வேணாம்” என்றாள் அம்மா. பெரிய தாத்தா, “அந்த செவப்பு ஆள ஓடவிடு பாப்பா” என்றார். ஓடவிட்டேன். அவன் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா சொன்னார்.

“சிங்கப்பூரே இருக்கட்டும் மச்சான். வர்ற மாசம் தாம்பூலம் மாத்திக்கலாம்.”

அக்காவை யாரும் கேட்கவில்லை. அவள் பேனாவின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததும் பெட்டியை மூடினாள், டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை நான் அழுதேன். அவள் அழவில்லை. “எதுக்குடி அழுவுற? ஒன் பெட்டிதானே செயிச்சுது” என்றாள். கிண்டலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணம் தை மாதம். அண்ணன் வீடே சம்பந்தி வீடாகிவிட்டதால் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை வந்தார். வராமல் இருக்க முடியுமா, அத்தை முறை செய்ய வேண்டுமே. தடித்த ஸ்வெட்டரைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, பந்தலில் எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசினார். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவைத் தனியாகப் பிடித்தார். நான் இலைக்கட்டோடு அங்கே நின்றிருந்தேன்.

“கலரு வரலன்னு ஊரெல்லாம் பேசுனீங்களாமே தம்பி. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே.”

“அதில்லக்கா... நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு...”

“இப்ப படலையா?”

அத்தை பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவு ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “இங்க வந்துட்டுத் திரும்புனவுங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. அத்தான் குடுத்துவுட்டான். நடுவுல மாட்டுனா கலரு வருமாம். ஆரம்பத்துலயே சொல்லிருந்தா ஆரம்பத்துலயே வந்துருக்கும்.” அந்தக் கூட்டத்தில் அதை நான் ஸ்டெபிலைசர் மேல் வைத்தேன். சீர்வரிசைப் பாத்திரங்கள் அதற்கு முன்னால் வந்து அடுக்கிக்கொண்டன.

அக்கா சிங்கப்பூர் போனாள். நன்றாக இருக்கிறாள், அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். சிங்கப்பூர் அத்தான் தங்கமான மனிதர். அங்கே அவள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினாள். அதன் பிறகு அவள் படம் வரைந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பேனா எங்கே, கேசட் எங்கே என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. கடற்காற்றில் செருகிகள் பச்சை பூத்து, ஒரு நாள் பழைய சாமான்காரரோடு எல்லாம் போயிருக்கும்.

ஆனால் அது போகும் முன் ஒரு சாயங்காலம் உண்டு. கல்யாணச் சாமான்களை ஒதுக்கியபோது அந்தப் பொட்டலம் கிடைத்தது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். பிரான்சுப் பெட்டிக்கும் டெக்குக்கும் நடுவில் மாட்டினேன். அக்காவின் படத்தை ஏற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து விழுந்தது படம்.

மஞ்சள் பாவாடை. என் மஞ்சள்தான். ரிப்பன் சிவப்பு. சுவர் எங்கள் கூடத்துச் சுண்ணாம்பு நீலம். சில இடத்தில் நிறம் கோட்டைத் தாண்டிப் பக்கத்தில் வழிந்திருந்தது, பார்த்திருந்தால் திருத்தியிருப்பாள். நான் பட்டை பட்டையாக ஏதோ என்று நினைத்தேனே, படத்தில் என் எதிரே இருந்த அந்த டிவிக்குள், புத்தகத்தில் இருந்த பதினாறு நிறமும் வரிசையாக நின்றன.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“யாரு போட்டது இது?”

“அக்கா.”

“கலர்லயா போட்டா?”

“ஆமாம்மா. அப்பவே கலர்லதான் போட்டா.”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடித்தது. சிங்கப்பூருக்கு டிரங்க் கால் போட்டால் கத்திப் பேச வேண்டும், பக்கத்தில் மாமா வீட்டார் நிற்பார்கள். கத்திச் சொல்லக்கூடிய விஷயமா இது?

அப்போது மின்சாரம் தாழ்ந்து ஸ்டெபிலைசர் டக்கென்று கட் ஆனது. படம் போய்விட்டது. வாசலில் அப்பா நின்றிருந்தார். எப்போது ஆபீஸிலிருந்து வந்தாரென்று தெரியவில்லை.

“இன்னொரு தடவ போடு” என்றார்.

கரண்ட் சரியானதும் கேசட்டைப் பின்னால் ஓட்டினேன். இடம் பார்க்க வயரைப் பிடுங்கி ஓடவிட்டேன். கூடத்தில் அந்தக் குரல் வந்தது. “இனி நீங்க வரையுங்க. இங்கே காலி இடம் விட்டிருக்கேன். உங்க படத்தை இங்கே வைங்க. எனக்குக் காட்டுங்க. ஏதாவது சரியா வரலைன்னா சொல்லுங்க.”

அப்பா தன் அக்கா மகனின் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“காட்டுனாளா?” என்றார்.

“இல்லப்பா.”

வயரைச் செருக மறந்துவிட்டேன். கேசட் அலற ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன். அந்தச் சத்தம் முடிகிற வரை, படமே வராத திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.